அடிபட்டு வரும் பிள்ளைகளிடம் நடந்துகொள்வது எப்படி: ஒரு அவசரப் பிரிவுச் செவிலியரின் குறிப்புகள்

வன்முறைக்கு ஆளான பிள்ளை அதைச் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் வருவது அபூர்வம். வயிற்றுவலி என்று வரும். படியில் உருண்டுவிட்டேன், கதவு இடித்துவிட்டது, கண்ணாடி கிழித்துவிட்டது என்று வரும். போன மாதமும் தலைவலி, இந்த மாதமும் தலைவலி என்று வந்து உட்கார்ந்திருக்கும். முன்கையில் நீளமான வெட்டோடு வரும் பதினேழு வயதுப் பையன், மேலே விளக்கையே பார்த்துக்கொண்டு "சும்மா விழுந்துட்டேன் சிஸ்டர்" என்பான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலுமாக எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலைதான். "இவங்ககிட்ட என்ன பேசணும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றை மனதில் பதிய வையுங்கள் என்பேன். அடித்தவனோ, தொடக்கூடாத இடத்தில் தொட்டவனோ அந்தப் பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டான். தன் உடம்பை யார் தொடலாம், எப்போது தொடலாம் என்று தானே முடிவு செய்கிற உரிமை அது. நாம் செய்கிற ஒவ்வொரு காரியமும் அதைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது முதல் ஊசி எந்தக் கையில் என்று கேட்பது வரை எல்லாமே இதில் அடங்கும்.

தனியாகப் பேச ஒரு வழி

கூட வந்தவரை வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடு. "இவகிட்ட தனியா பேசணும், நீங்க வெளிய இருங்க" என்று சட்டென்று சொன்னால், அடித்தவரே கூட வந்திருக்கும் பட்சத்தில் அந்த நிமிடமே உஷாராகிவிடுவார். வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அந்தப் பிள்ளைதான் அடி வாங்கும். அதனால் இதை எல்லோருக்குமான நடைமுறையாக வைத்துவிடுங்கள். காய்ச்சலோ, கால் சுளுக்கோ, எதுவாக இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையோடும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவோம் என்று வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். அப்போது யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. வாக்குவாதம் வந்தால் அந்த அறிவிப்பைக் காட்டினால் போதும். எடை பார்க்கிற நேரம், சிறுநீர் எடுக்கப் போகிற நேரம், எக்ஸ்ரே அறை எல்லாம் இயல்பாகவே கிடைக்கிற இடைவெளிகள்.

அப்புறம் கைபேசி. பிள்ளையின் கையில் போன் இருந்தால் ஏதாவது அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மறுமுனையில் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். "இதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணி வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். பிள்ளையின் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால் கூட வந்த சித்தப்பாவையோ அக்காவையோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தொலைபேசி வழியாகவாவது வெளியாள் ஒருவரைப் பிடியுங்கள். திரைச்சீலை போட்டால் தனிமை வந்துவிடாது, பக்கத்துக் கட்டிலுக்கு எல்லாம் கேட்கும்.

ரகசியத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றும். சொல்லாதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாமல் போகலாம். பெரியவர்களை நம்பி ஏற்கெனவே ஏமாந்த பிள்ளை உங்களாலும் ஏமாறும்.

நான் சொல்வது இதுதான்: "நீ சொல்றதுல பெரும்பாலானதை நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும். அப்படி சொல்றதா இருந்தா, யார்கிட்ட, என்ன சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்." இதைப் பிள்ளை பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் அது பொறி வைத்த மாதிரிதான். இதைக் கேட்டதும் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். பரவாயில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள், இன்னொரு நாள் வருவார்கள்.

யாருக்குப் புகார் கொடுக்க வேண்டும், எந்த வயது வரை கட்டாயம், எத்தனை மணி நேரத்துக்குள் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பணியில் சேர்ந்த முதல் வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில், பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது. புகார் கட்டாயமாகிவிட்டாலும் அதற்குள்ளேயே பிள்ளை தேர்ந்தெடுக்க இடம் உண்டு. நான் போன் செய்யும்போது பக்கத்தில் இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா? யார் உன்னோடு உட்கார வேண்டும்? அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அவசரப் பிரிவில் அந்த உரிமை இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகளாகத்தான் போய்ச் சேரும்.

கேட்பது எப்படி

கட்டிலை விடத் தாழ்ந்த இருக்கையில் உட்காருங்கள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். அவசரம் இருந்தாலும் ஐந்து நிமிடம் எங்கும் போகமாட்டேன் என்பது உங்கள் உட்காரலில் தெரிய வேண்டும்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை அடியோடு விட்டுவிடுங்கள். "ஏன் அங்க போனே?", "ஏன் அப்பவே சொல்லல?" எல்லாம் நமக்கு வெறும் தகவல் கேட்பதாகத் தோன்றும். பிள்ளையின் காதில் "தப்பு உன்மேல்தான்" என்றுதான் விழும். "இந்த மாதிரி காயத்தோட வர்றவங்கள்ல சிலரை யாராவது அடிச்சிருப்பாங்க. உனக்கு அப்படி ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்கலாம். "வீட்டுல யாரையாவது பார்த்தா பயமா இருக்கா?" என்று கேட்கலாம். இல்லை என்றால் அதை ஏற்றுக்கொண்டு, "சரி. எப்ப வேணும்னாலும் வந்து பேசலாம்" என்று விட்டுவிடுங்கள். குடைந்து குடைந்து கேட்பதும் ஒரு வற்புறுத்தல்தான்.

சின்னக் குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். "மாமாதானே அடிச்சார்?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்கவே கூடாது. பிறகு நடக்கும் விசாரணையில் அந்தக் குழந்தையின் பேச்சே செல்லாமல் போகலாம். "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்று மட்டும் தொடருங்கள். சிகிச்சைக்கும் உடனடிப் பாதுகாப்புக்கும் தேவையானது தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். வரவேற்பில் ஒரு தடவை, என்னிடம் ஒரு தடவை, பயிற்சி டாக்டரிடம் ஒரு தடவை, பெரிய டாக்டரிடம் ஒரு தடவை என்று ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் ஆஸ்பத்திரிகள் செய்கிற பெரிய கொடுமை என்பேன். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் அதைப் படித்துக்கொள்ளட்டும். எழுதும்போது பிள்ளையின் வார்த்தையை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள். "பெல்டால அடிச்சாங்க" என்று சொன்னதை "தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்" என்று மாற்றினால் கருவி போய்விடும், நம்பகத்தன்மையும் போய்விடும்.

மணிக்கட்டு வீங்கி வந்த ஒரு பெண். பதினான்கு வயது இருக்கும். கேட்டதற்கெல்லாம் தோளைக் குலுக்கினாள். நான் கேள்வியை நிறுத்திவிட்டுக் கட்டுப் போட ஆரம்பித்தேன். சுருளின் நுனியை அவளுடைய மறு கையில் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கோ. இறுக்கமா இருந்தா சொல்லு, தளர்த்திடறேன்" என்றேன். இரண்டு சுற்று வந்ததும் "இறுக்கமா இருக்கு" என்றாள். தளர்த்தினேன். இன்னொரு சுற்று. "இப்ப சரி." அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், துணி சுற்றுவதையே பார்த்துக்கொண்டு, யார் கையை முறுக்கினார் என்று சொன்னாள். கை வேலையாக இருக்கும்போது, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, பேச்சு வரும். அதனால் ட்ரெஸ்ஸிங் செய்கிற நேரத்தை, தையலுக்கு மரத்துப்போகக் காத்திருக்கிற நேரத்தை வீணாக்காதீர்கள்.

சொல்லி முடித்ததும் என்ன சொல்வது? "சொன்னதுக்கு நன்றி. நான் நம்புறேன். இது உன் தப்பு இல்ல. இப்ப என்ன பண்ணலாம்னு சேர்ந்து பாக்கலாம்." இதற்கு மேல் வேண்டாம். "ஐயோ கடவுளே" என்று முகம் மாறினால், தான் சொன்னது பெரியவர்களே தாங்க முடியாதது என்று நினைத்துப் பிள்ளை பாதியிலேயே நிறுத்திவிடும். அடித்தவரைத் திட்டாதீர்கள். அவர் அப்பாவாக இருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு அவர்மேல் இன்னும் பாசம் இருக்கலாம்.

உடம்பைப் பரிசோதிக்கும்போது

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பரிசோதனையே இரண்டாவது தாக்குதலாக ஆகிவிடக்கூடும். எங்கே பார்ப்போம், எதை வைத்துப் பார்ப்போம், எப்படி நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பஞ்சுக்குச்சியைக் கையில் கொடுத்து, தன் உள்ளங்கையில் தானே தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். "கையைத் தூக்கினா நான் உடனே நிறுத்திடுவேன்" என்று சொன்னால், அநேகமாக முதல் நிமிடத்திலேயே கை உயரும். வலிக்காகத் தூக்குவதில்லை, நீங்கள் சொன்னது உண்மைதானா என்று பார்ப்பதற்காக. அப்போது "ஒரு செகண்ட், முடிஞ்சிடுச்சு" என்று தொடர்ந்தால் எல்லாம் போயிற்று. கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகருங்கள், காத்திருங்கள். இரண்டாவது தடவை அந்தக் கை தேவைக்குத்தான் உயரும்.

மேலே பார்க்கும்போது கீழே மூடியிருக்கட்டும், கீழே பார்க்கும்போது மேலே மூடியிருக்கட்டும். பார்ப்பவர் பெண்ணா ஆணா என்பதை அவர்களிடமே கேளுங்கள். நீங்களாக ஊகிக்க வேண்டாம். அறையில் யார் இருக்கலாம் என்பதும் அப்படித்தான். வேடிக்கை பார்க்க நிற்கும் மாணவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். வாயில் வரும் வார்த்தையில் கவனம் வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோ", "நல்ல பொண்ணுல்ல, அசையாம இரு", "யாருக்கும் தெரியாது, பயப்படாதே" என்பதெல்லாம் நமக்கு ஆறுதல் வார்த்தைகள். அதே வார்த்தைகளைத்தான் அந்த ஆளும் சொல்லியிருப்பான்.

சம்மதம் தராவிட்டால் பரிசோதனை வேண்டாம். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு என்றால் நிலைமை வேறு. மற்றபடி பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, போலீசில் சொல்லவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. பருவமடையாத சிறுமிக்கு உள்ளே கருவி வைத்துப் பார்ப்பது கூடாது. உள் காயம், ரத்தப்போக்கு என்று தவிர்க்கவே முடியாமல் போனால் மயக்க மருந்து கொடுத்து, தெரிந்த நிபுணர்தான் செய்ய வேண்டும்.

கன்னித்தன்மைச் சோதனை என்று யாராவது கேட்டால், போலீஸ் கேட்டாலும் பெற்றோர் கேட்டாலும், செய்யாதீர்கள். அதற்கு மருத்துவ அடிப்படையே கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் 2018-இல் சேர்ந்து இதைத் தடை செய்யச் சொன்னார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பரிசோதனையில் எந்தத் தடயமும் தெரியாது. திசு சீக்கிரம் ஆறிவிடும், பல வகைக் கொடுமைகள் தடயம் விடுவதும் இல்லை. "பரிசோதனை இயல்பாக உள்ளது, இதனால் வன்முறை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது" என்ற வாக்கியத்தை எழுத்தில் வையுங்கள். பிள்ளையிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தன் உடம்பு உள்ளே கெட்டுப்போய்விட்டது, எல்லோருக்கும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று மனதுக்குள் பயந்துகொண்டே வரும் பிள்ளைகள் அதிகம். காயம் இல்லையென்றால் "உன் உடம்பு நல்லா இருக்கு. பார்த்து யாராலயும் எதையும் கண்டுபிடிக்க முடியாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தோள் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

காத்திருக்காத கடிகாரங்கள்

பரிவு எவ்வளவு இருந்தாலும் மருந்து நேரத்துக்குப் போகவில்லையென்றால் பயனில்லை. எச்ஐவி தொற்று அபாயம் இருந்தால் தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் முதல் நாளே கொடுப்பதுதான் நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா, காயத்துக்கு டெட்டனஸ் ஊசி வேண்டுமா, பால்வினைத் தொற்றுகளுக்கு என்ன சிகிச்சை என்று வரிசையாகப் பாருங்கள். 9 முதல் 14 வயதுப் பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் கேட்கச் சொல்கிறது, 2017-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி. 28 நாள் மாத்திரையை வீட்டில் யாருக்கும் தெரியாமல் எங்கே வைப்பது, குமட்டினால் என்ன செய்வது என்பதையும் பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள். நிறையப் பேர் பாதியில் விடுவது அங்கேதான். ஆடைகளைச் சான்றாக எடுத்தால் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். போட்டுக்கொண்டு போக மாற்று உடை தயாராக இருக்கட்டும். ஆஸ்பத்திரி கவுனோடு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இது எல்லாமே பையன்களுக்கும் பொருந்தும், கருத்தடை நீங்கலாக. பையன் என்றால் யாரும் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

கழுத்தை நெரித்தார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும், தானாகச் சொல்ல மாட்டார்கள். கழுத்தில் ஒரு கீறல் கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம். குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, கண்ணில் அல்லது இமையில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, தானறியாமல் சிறுநீர் போனது. இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பேச முடியாத குழந்தைக்கு உடம்புதான் பேசும். 1962-இல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவரும் அவருடைய சகாக்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதைப் பரவலாகப் பார்க்க ஆரம்பித்தது. நினைவில் வைக்க எளிய விதி: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றிப்போயிருந்தால் சந்தேகப்படுங்கள். நான்கு மாதம் அல்லது அதற்குக் குறைவான குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். தவழாத குழந்தைக்குத் தானாகக் கன்றிப்போவது மிகவும் அபூர்வம். முட்டியில், முன்நெற்றியில் தழும்போடு ஓடியாடும் குழந்தைகளைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

வெட்டுக்காயத்தோடு வரும் பையன்

இவர்களைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். தெருச் சண்டையில் குத்துப்பட்டு வரும் பதினாறு வயதுப் பையனைப் பார்த்ததும் "இவனும் ஏதாவது பண்ணியிருப்பான்" என்ற எண்ணம் ஊழியர்கள் முகத்தில் ஓடும். வலிமருந்து தாமதமாகும், குரல் கடுமையாகும். அவனும் பிள்ளைதான். அவனும் பாதிக்கப்பட்டவன்தான். சட்டையைக் கத்தரிக்கும் முன் "கிழிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தைப்பதற்கு முன் நன்றாக மரத்துப்போகும் வரை பொறுங்கள்.

போலீஸ் கட்டிலருகே வந்து நின்றால், சிகிச்சை முடியும் வரை வெளியே காத்திருக்கச் சொல்லும் அதிகாரம் பொறுப்பு டாக்டருக்கு இருக்கிறதா என்று உங்கள் ஆஸ்பத்திரி விதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போலீசுக்கும் எங்களுக்கும் வேலை வேறு என்பது அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த தடவை ரத்தம் ஒழுக வீட்டிலேயே கிடப்பான்.

அந்த இரவில் அவன் மனதில் ஓடுவது பெரும்பாலும் இரண்டுதான்: மறுபடி வருவார்களா, திருப்பி அடிப்பதா. இரண்டையும் நேராகக் கேட்கலாம். "இங்கிருந்து போனா நீ பத்திரமா இருப்பியா? உன் ஆளுங்க இதுக்கு ஏதாவது பண்ணப்போறாங்களா?" அடிபட்ட சூட்டில், கட்டிலில் தனியாகக் கிடக்கும்போது, மற்ற நேரத்தில் பேசாதவன் பேசுவான். சில நகரங்களில் இதற்கென்றே ஆஸ்பத்திரியில் பணியாளர்கள் இருக்கிறார்கள். அதே தெருக்களில் வளர்ந்தவர்கள், வார்டிலேயே வந்து சந்தித்து, வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் தொடர்பில் இருக்கிறார்கள். உங்களிடம் அப்படி யாரும் இல்லாவிட்டால், அவன் நம்புகிற ஒரு பெரியவர் பெயரைக் கேளுங்கள். மாமாவோ, பயிற்சியாளரோ, பழைய டீச்சரோ. அவன் சம்மதத்தோடு அந்த இரவே போன் செய்யுங்கள்.

இன்னொரு காரியமும் நம்மால் முடியும். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலானோரின் விஷயம் போலீசுக்கே போவதில்லை என்று கவனித்தார். வரவேற்பில் பெயர் இல்லாமல் இடம், நேரம், ஆயுதம் மட்டும் குறித்து நகர நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் கொடுக்கும் முறையை உருவாக்கினார். எந்த மூலையில், எந்த நேரத்தில் அடிதடி நடக்கிறது என்று தெரிந்து அங்கே கவனம் செலுத்தியதும் காயங்கள் குறைந்தன. இன்று பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது. இதற்கு வேண்டியது படிவத்தில் கூடுதலாகச் சில கட்டங்கள்தான்.

அடிக்காத பெற்றோர்

வெளியே நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். பிள்ளை தேறுவதற்குப் பெரிய துணை, பிள்ளையை நம்பும் ஒரு பெரியவர்தான். ஆகவே அவருக்கு ஒதுக்கும் பத்து நிமிடமும் சிகிச்சைதான். மூன்று விஷயம் சொல்வேன்: பிள்ளை சொன்னதை நம்புகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், விவரம் கேட்டு நச்சரிக்காதீர்கள், தூக்கம் பள்ளிக்கூடம் விளையாட்டு எல்லாம் பழையபடி நடக்க விடுங்கள். அழுகையை என்னிடம் அழுதுவிட்டு உள்ளே போங்கள் என்றும் சொல்வேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்

"இன்னிக்கு ராத்திரி எங்க தூங்கப் போற? அங்க யார் யார் இருப்பாங்க? அந்த ஆள் அங்க வருவானா?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். பாதுகாப்பான இடம் இல்லையென்றால் காலை வரை வார்டில் வைத்திருக்க ஒரு மருத்துவக் காரணம் கண்டுபிடிப்பது தப்பில்லை. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்புவது ஆபத்தாகலாம், பையில் அதைக் கண்டுபிடித்தால் அவ்வளவுதான். உதவி எண்ணை வேறு பெயரில் போனில் பதிய வேண்டுமா, மனப்பாடம் செய்துகொள்ள முடியுமா என்று அவர்களையே கேளுங்கள். நாம் திரும்பக் கூப்பிடலாமா, எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள். "சமூகப் பணியாளரைப் போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்பினால் பலர் போக மாட்டார்கள். நீங்களே போனைப் போட்டு, பெயர் சொல்லி அறிமுகம் செய்து, போனை அவர்கள் கையில் கொடுங்கள்.

முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டால் பயம் குறையும். கெட்ட கனவு வரலாம், சத்தம் கேட்டால் திடுக்கிடலாம், சாப்பாடு பிடிக்காமல் போகலாம், காரணமில்லாமல் கோபம் வரலாம். பலருக்கு இது தானே தணியும். நடந்ததை மறுநாளே உட்கார வைத்து முழுக்கச் சொல்ல வைப்பது பலன் தராது, அப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும். ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல் இருந்தாலோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தாலோ, இதற்கென்று பயிற்சி பெற்ற மனநல சிகிச்சையாளரிடம் அனுப்ப வேண்டும். எந்த வாரம் யார் பார்ப்பார்கள் என்று தேதி குறித்துக் கொடுங்கள்.

கடைசியாகக் கேஸ் ஷீட்டைப் பற்றி. இப்போது பல இடங்களில் பெற்றோர் தங்கள் போனிலேயே பிள்ளையின் மருத்துவக் குறிப்பைத் திறந்து படிக்கலாம். "அப்பா அடித்ததாகச் சொல்கிறார்" என்று நீங்கள் எழுதியதை அந்த அப்பாவே அன்று ராத்திரி படிக்க நேரிடும். அந்தப் பதிவைப் பெற்றோருக்குத் தெரியாதபடி பூட்டும் வசதி உங்கள் மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு முகவரிக்குத் தானாகப் போகும் கடிதம், பில், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பூட்டிய பதிவுக்கு மேலே அடுத்துப் பார்க்கும் செவிலியருக்காக ஒரு வரி எழுதி வையுங்கள்: "விவரம் ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது, மறுபடி கேட்க வேண்டாம். பரிசோதனையின்போது கை தூக்கினால் நிறுத்தவும். தனியாகப் பார்க்கவும்."